ஓட்டைக் கூடை

ஆஞ்சப்பன் பன்னிரண்டு வருஷம் கூடைப்பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவன். அதில் முதல் ஏழு வருஷம் அந்த விளையாட்டை மனுஷன் செய்கிற காரியமாகவே அவன் மதிக்கவில்லை.

“ஓட்டக் கூடையில பந்தப் போடறதுக்குப் பத்துப் பேரு. உழுந்துச்சா இல்லியான்னு பாக்கறதுக்கு ரெண்டு பேரு. அத எழுதி வெக்கறதுக்கு இன்னும் ரெண்டு பேரு. கூடைக்கு அடியில ஒரு துணியக் கட்டுனா ஒரே பந்தோட வேல முடிஞ்சிரும். எல்லாரும் ஊட்டுக்குப் போவலாம்” என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான்.

1976இல் அவனுக்கு இருபத்திரண்டு வயது. பர்கூருக்குப் பக்கத்தில் ஒரு கல்குவாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். உயரம் ஆறடி ஐந்து அங்குலம். மற்றவர்கள் பலகையைச் சாய்த்து இரண்டு பேராக உருட்டி ஏற்றுகிற கல்லை, நின்ற இடத்திலிருந்து தூக்கி லாரித் தட்டில் வைப்பான். ஒருநாள் குவாரிக்கு எதிரே ஹைவேயில் ஒரு ஜீப் பஞ்சராகி நின்றது. ஜீப்பில் வந்தவர் பாஸ்கரன். ஓசூர் சிப்காட்டில் இருந்த பெண்ணாறு ஆக்சில் கம்பெனியின் பர்சனல் மேனேஜர். மதுரைக்காரர். காலேஜ் நாளில் கூடைப்பந்து ஆடியவர். பெங்களூரில் பெரிய கம்பெனிகள் எல்லாம் டீம் வைத்திருந்ததால் தன் முதலாளிக்கும் ஒரு டீம் வேண்டும் என்று ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் குவாரிக்குள் நடந்து வந்து ஆஞ்சப்பனை மேலும் கீழும் பார்த்தார்.

“கைய மேல தூக்குய்யா.”

தூக்கினான்.

“குதி.”

“எதுக்குங்க?”

“குதிச்சுக் காட்டேன்.”

மாடு பிடிக்க வந்தவன் பல்லைப் பார்ப்பது போலப் பார்க்கிறானே என்று நினைத்துக்கொண்டே குதித்தான். பாஸ்கரன் முகம் மலர்ந்தது. கம்பெனியில் வேலை தருவதாகச் சொன்னார்.

“என்னா வேலைங்க?”

“பந்து விளையாடணும்.”

குடித்திருக்கிறாரோ என்று ஆஞ்சப்பன் குனிந்து அவர் வாயை மோந்து பார்த்தான்.

ஆனாலும் போனான். அவன் அண்ணன் பெரியதம்பி அதே குவாரியில் கல் உருண்டு இடது பாதத்தை இழந்திருந்தான். அன்றைக்கு வேலை கூட நிற்கவில்லை. ரத்தத்தின் மேல் மண்ணைப் போட்டுவிட்டு அடுத்த லாரியை உள்ளே விட்டார்கள். ஒரு மூட்டை ராகியோடு பெரியதம்பி வீட்டுக்கு அனுப்பப்பட்டான். அதைப் பார்த்தவனுக்கு, பந்து விளையாடக் கூப்பிட்டாலும் குரங்காட்டக் கூப்பிட்டாலும் ஒன்றுதான்.

கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் சிமென்ட் போட்ட மைதானம் இருந்தது. கல் பிடித்த கைக்குப் பந்து காற்றடைத்த பூசணிக்காய் போல இருந்தது. மூன்று மாதத்தில் தேவையானதைக் கற்றுக்கொண்டான். கூடை மாட்டிய பலகைக்கு அடியில் அவன் நின்றால், பட்டுத் திரும்புகிற பந்தை வேறு எவனும் தொட முடியாது. காலையில் பேருக்கு மெஷின் ஷாப், மத்தியானத்துக்கு மேல் மைதானம். இரண்டாம் வருஷமே பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவனைக் கேட்டது. பாஸ்கரன் அவசர அவசரமாக அவனைப் பர்மனென்ட் ஆக்கி, குவார்ட்டர்ஸில் ஒரு வீடும் கொடுத்தார். அந்த வருஷமே குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த மாரம்மாவைக் கட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்துவிட்டான்.

விளையாட்டை விட, அதைச் சுற்றி நடந்த ஆட்டம்தான் அவனுக்குக் குமட்டியது. ஒருவனுக்குக் கணுக்கால் பிசகினால் நான்கு பேர் ஐஸ் கட்டியோடு ஓடி வருவார்கள். ஒருவன் விசிறுவான். ஆஞ்சப்பன் இடுப்பில் கை வைத்து நின்று அதைப் பார்ப்பான். காறித் துப்ப வேண்டும் போலிருக்கும். சிமென்ட் தரையாயிற்றே என்று விழுங்கிவிடுவான்.

எல்லாரையும் விட அவனுக்கு இளப்பமாகத் தெரிந்தவன் கேப்டன் கோவிந்தப்பன். வேப்பனப்பள்ளிக்காரன். வீட்டில் தெலுங்கு. ஐந்தடி ஏழு அங்குலம்தான். ஆனால் பந்து அவன் கையில் ஒட்டிக்கொண்டு ஓடும். மேட்ச் தொடங்கும் முன் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். தோற்றால் அழுவான். முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டு நிஜமாகவே அழுவான்.

“ஏன்டா கோவிந்தா, பந்து செத்துப்போச்சா? எப்ப எடுக்கறாங்க?” என்று ஆஞ்சப்பன் கேட்பான்.

“உனக்கு வெளையாட்டா இக்குதுண்ணா” என்பான் கோவிந்தப்பன்.

“வெளையாட்டுதான்டா இது. வேறென்ன?”

பயிற்சி முடிந்ததும் மற்றவர்கள் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்தபடி அரை மணி நேரம் பேசுவார்கள். ஆஞ்சப்பன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வெட்டிப் பயல்களின் வெட்டிப் பேச்சு என்று வீட்டுக்கு நடந்துவிடுவான். அதனால் ஏழு வருஷத்தில் ஒரு விஷயம் அவன் காதில் விழவே இல்லை. பத்துப் பேர் கொண்ட டீமில் ஐந்து பேர் கேஷுவல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் பெயரை அடித்துவிட்டு, இரண்டு நாள் வீட்டில் உட்கார வைத்து, புதிதாகச் சேர்ந்தவன் போல மறுபடி எழுதுவார்கள். அந்த ஐந்து பேரில் கோவிந்தப்பனும் ஒருவன்.

மாரம்மாவுக்கு விளையாட்டு பிடித்திருந்தது. முதல் தடவை வேடிக்கை பார்க்கத்தான் வந்தாள். அப்புறம் ஒரு மேட்ச் விடாமல் வந்தாள். கோவிந்தப்பன் மனைவி சாந்தம்மாவிடம் கேட்டுக் கேட்டு விதிகளைத் தெரிந்துகொண்டாள். ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆஞ்சப்பனிடம் சொன்னாள்:

“அந்த எட்டாம் நம்பர்க்காரன் எடது பக்கமே திரும்ப மாட்டேங்கறான்யா. நீ எதுக்கு ரெண்டு பக்கமும் மறிச்சுக்கினு நிக்கற? வலது பக்கம் போயி நில்லு, பந்து தானா உன் கைக்கு வருது.”

“ஜல்லி ஒடச்சவ எனக்குப் பந்து சொல்லித் தர்றியா?”

“கல்லு தூக்குனவன் வெளையாடறப்ப, ஜல்லி ஒடச்சவ பாக்கக் கூடாதா?”

அடுத்த மேட்சில் வலது பக்கம் போய் நின்றான். எட்டாம் நம்பர்க்காரன் பதினோரு தடவை பந்தைப் பறிகொடுத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் அவள் ஏதாவது சொல்வாள். அவன் காதில் வாங்காதது போலச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பான். மறுநாள் அப்படியே செய்வான். பத்திரிகைக்காரன் ஆஞ்சப்பனின் கூர்மை என்று எழுதினான். அதை அவளிடம் படித்துக் காட்டி, “கூரு கெட்டவனுங்க” என்று பேப்பரைத் தூக்கிப் போட்டான். உன்னால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“சோறு போடறத வைஞ்சுக்கினே திங்கற. உனக்கு ஒடம்புல செரிக்குதா?” என்று ஒருமுறை கேட்டாள்.

“நல்லாவே செரிக்குது” என்றான்.

உண்மைதான். எதையும் மதிக்காததால் அவனுக்குப் பதற்றமே கிடையாது. கூட்டம் கத்தினாலும் கடைசி நிமிஷமானாலும் கை நடுங்காது. தமிழ்நாடு டீமுக்கு இரண்டு வருஷம் ஆடினான். ரயிலில் கல்கத்தா வரை போய் வந்தான். “அங்கயும் கூடை ஓட்டைதான்” என்று வந்து சொன்னான்.

1983 டிசம்பரில் பெங்களூரில் கம்பெனிகளுக்கு இடையிலான கோப்பை. பெண்ணாறு ஆக்சில் முதல்முறையாக ஃபைனலுக்கு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச். அதற்கு முந்தைய வியாழக்கிழமை, பயிற்சி முடிந்து ஆஞ்சப்பன் வீட்டுக்குப் போன பிறகு, பாஸ்கரன் சைக்கிள் ஷெட்டுக்கு வந்தார். கேஷுவல் ஆட்கள் ஐந்து பேரையும் நிற்க வைத்து, கோப்பை வந்தால் ஐந்து பேருக்கும் பர்மனென்ட் ஆர்டர், வராவிட்டால் திங்கட்கிழமை கேட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னார். முதலாளியே சொல்லிவிட்டாராம்.

மாரம்மாவும் சாந்தம்மாவும் ஞாயிறு காலை பஸ் பிடித்து பெங்களூர் போய், மேல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். முதல் பாதி முழுக்க சாந்தம்மா வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் பாதியில், மாரம்மா கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். மாரம்மா கீழே பார்த்தாள். புருஷன் தூரத்தில் இருந்தான். கத்தினால் கேட்காது.

நான்கு விநாடி மிச்சம் இருந்தது. எதிர் டீம் அறுபத்தெட்டு, இவர்கள் அறுபத்தேழு. கோவிந்தப்பன் மூன்று பேருக்கு நடுவில் புகுந்து போட்ட பந்தை ஆஞ்சப்பன் எட்டிப் பிடித்தான். எதிராளி ஒருவன் அவன் கையில் அடித்துவிட்டான். விசில். இரண்டு தனி எறிதல். யாரும் குறுக்கே வர மாட்டார்கள், கோட்டில் நின்று நிதானமாக எறியலாம். ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் கோப்பை.

பெங்களூர்க் கூட்டம் எழுந்து நின்று, “கல்லு பண்டே! கல்லு பண்டே!” என்று கத்தியது. பாறை, பாறை என்று கன்னடத்தில். ஆஞ்சப்பனுக்குக் கன்னடம் நன்றாகவே தெரியும். அவனுக்குக் கோபம் வரவில்லை. இளக்காரம்தான் வந்தது. வேலை வெட்டி இல்லாத ஆயிரம் பேர், ஒரு பந்துக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். இவர்களை என்ன செய்தால் தகும் என்று யோசித்தான். வளையத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தபடி, ஒற்றைக் கையால், எச்சில் இலையை எறிவது போலப் பந்தை எறிந்தான். பயிற்சியில் வேடிக்கைக்காகப் பல தடவை அப்படிப் போட்டிருக்கிறான். பாதிக்குப் பாதி விழும்.

விழவில்லை.

“அண்ணா!” என்று கோவிந்தப்பன் பின்னாலிருந்து கூப்பிட்டான். “அண்ணா, பாத்துப் போடுண்ணா. உன் காலுல உழுந்து கேக்கறேன்.”

அந்தக் கெஞ்சல் ஆஞ்சப்பனுக்கு எரிச்சலூட்டியது. இவனும் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்தவன்தான் என்று தோன்றியது. இரண்டாவது பந்தையும் அதே போல எறிந்தான். வளையத்தில் பட்டு வெளியே குதித்தது. எதிராளி பிடித்துக்கொண்டான். மணி அடித்துவிட்டது.

கோவிந்தப்பன் தரையில் அப்படியே உட்கார்ந்தான். கந்தன் என்ற இன்னொருவன் தலையில் அடித்துக்கொண்டான். ஆஞ்சப்பன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “ஏன்டா, ஊட்டுல எழவா உழுந்துச்சு?” என்று சிரித்தான்.

கோவிந்தப்பன் நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கு அவன் அழவில்லை. அது ஆஞ்சப்பனுக்குக் கொஞ்சம் விநோதமாகப் பட்டது, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது மாரம்மா அவனுக்கு முன்பே வந்திருந்தாள். அடுப்பு பற்ற வைக்கவில்லை.

“சாந்தம்மா எல்லாத்தையும் சொன்னா” என்றாள். வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னாள். கேஷுவல் ஐந்து பேர் யார் யார் என்று சொன்னாள்.

“எனக்கு எவனும் சொல்லலியே.”

“உங்கிட்ட எவன் சொல்லுவான்? ஏழு வருசமா அவுங்ககிட்ட ஒக்காந்து ஒரு டீ குடிச்சிருக்கியா நீ?”

“பந்துக்கு அழுவறானுங்கன்னுதான்...”

“பந்துக்கு எவன்யா அழுவான்? ஒனக்கு வேல நெலச்சிருச்சு, நீ சிரிச்ச. பெரியதம்பி மாமன் கால் போனப்ப அந்தக் குவாரிக் கன்ட்ராக்டர் சிரிச்சான்னு சொல்லுவியே. அவன் மூஞ்சியும் இன்னிக்கு உன் மூஞ்சியும் ஒண்ணா இருந்துச்சு.”

அவன் அவளை அடிக்கக் கை ஓங்கினான். அவள் நகரவில்லை. கண்ணைக்கூட மூடவில்லை. கை தானாக இறங்கியது. அதற்குப் பிறகு எந்த மேட்சைப் பற்றியும் அவள் அவனிடம் ஒரு யோசனையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை டைம் ஆபீசில் அந்த ஐந்து பேரின் வருகை டோக்கன்களையும் எடுத்துவிட்டார்கள். ஆஞ்சப்பன் நேராகப் பாஸ்கரன் அறைக்குப் போனான். கதவு நிலையில் குனிந்து நுழைந்து நின்றான்.

“சார், தப்பு எம்மேல. வேணும்னேதான் அப்படிப் போட்டேன். என்ன எடுத்துருங்க. அவுங்கள வெய்யுங்க.”

பாஸ்கரன் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிராமலே பேசினார்.

“உன்ன எடுத்தா பலகைக்கு அடியில யாரு நிப்பா, நானா?”

“அந்த அஞ்சு பேரும்...”

“ஆளுக்காய்யா பஞ்சம்? கேட்டுல போய்ப் பாரு, தெனம் அம்பது பேரு நிக்கிறான். அடுத்த மாசம் புதுசா அஞ்சு பேரு எடுப்போம். பத்து நாள் பழக்குனா ஓடப்போறான். பந்தத் தட்டிக்கிட்டு ஓடறது என்ன பெரிய வித்தையா?”

இதே வார்த்தையை ஆஞ்சப்பன் நூறு தடவை சொல்லியிருக்கிறான். அடுத்தவன் வாயிலிருந்து இப்போதுதான் கேட்டான். ராஜினாமா எழுதித் தரட்டுமா என்று கேட்டான். தாராளமாக என்று பாஸ்கரன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் தள்ளினார். ஆஞ்சப்பன் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். குவார்ட்டர்ஸ் வீடு நினைவுக்கு வந்தது. பெரியதம்பிக்கு மாதாமாதம் அனுப்புகிற அரிசி நினைவுக்கு வந்தது. தாளைத் தொடாமல் வெளியே வந்துவிட்டான். பாஸ்கரன் சிரித்த சத்தம் கதவு மூடும் வரை கேட்டது.

புதிதாக ஐந்து பேர் வந்தார்கள். ஆஞ்சப்பன் இப்போது சைக்கிள் ஷெட்டில் அவர்களோடு உட்கார்ந்தான். அவர்கள் அவனுக்குப் பயந்து பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவன் உட்கார்ந்திருக்கும் வரைக்கும் டீயை உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் இருக்கும். எழுந்து போனால் பேச்சு மறுபடி தொடங்கும். அவன் ஒழுங்காக ஆடினான். தனி எறிதலுக்கு இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, வளையத்தைப் பார்த்து, மூச்சு விட்டு எறிந்தான். கை நடுங்கியது. முன்பு ஒருநாளும் நடுங்காத கை.

1985இல் கோப்பை வந்துவிட்டது. அந்த ஃபைனலுக்கு முன்பும் பாஸ்கரன் புது ஆட்கள் ஐந்து பேரிடம் அதே வாக்கைக் கொடுத்திருந்தார். இந்த முறை ஆஞ்சப்பனுக்கும் தெரியும். ஜெயித்தார்கள். முதலாளி கோப்பையைக் கையில் வாங்கி போட்டோ எடுத்துக்கொண்டார். கேன்டீனில் எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்தார்கள். மூன்று மாதம் கழிந்தது. வழக்கம் போல ஐந்து பேர் பெயரையும் அடித்தார்கள், இரண்டு நாள் கழித்து வழக்கம் போலக் கேஷுவலாகவே எழுதினார்கள். ஒருவன் துணிந்து கேட்டதற்கு, “பாத்துக்கலாம், அடுத்த வருஷமும் ஜெயிங்க” என்றாராம் பாஸ்கரன்.

அதைக் கேட்டதும் ஆஞ்சப்பனுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் வந்தது. அப்படியென்றால் அன்றைக்கு இரண்டு பந்தும் விழுந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வாக்கே பொய். கோவிந்தப்பன் வேலை தன்னால் போகவில்லை. இதை அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அடுத்த வார விடுமுறையில் மாரம்மாவிடம் சொன்னான்.

“போய்ச் சொல்லிட்டு வா” என்றாள். கூட வரவில்லை.

மாங்காய் சீசன். வேப்பனப்பள்ளிக்கு வெளியே ஒரு தோப்பில் கோவிந்தப்பன் கூலிக்குக் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். உடம்பு வற்றியிருந்தது. ஆனால் கை பழைய வேகத்தில் ஓடியது. பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம், அடிபட்டது ஒரு பக்கம். ஆஞ்சப்பனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“வாங்க. ஒக்காருங்க” என்றான்.

அண்ணா என்று கூப்பிடுவான், தோளில் கை போடுவான், இல்லாவிட்டால் கெட்ட வார்த்தையில் திட்டுவான் என்று எதிர்பார்த்து வந்த ஆஞ்சப்பனுக்கு அந்த “வாங்க” குத்தியது. கோவிந்தப்பன் சொம்பில் தண்ணீர் கொடுத்தான். சாந்தம்மா எப்படியிருக்கிறாள் என்று கேட்டதற்கு, நல்லா இருக்காங்க என்று யாரோ வேற்று வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

ஆஞ்சப்பன் வந்த விஷயத்தைச் சொன்னான். கோப்பை வந்ததையும், யாருக்கும் ஆர்டர் கிடைக்காததையும், பாஸ்கரன் சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னான்.

“அன்னிக்கு நான் ரெண்டும் போட்டிருந்தாலும் உங்களுக்குக் குடுத்திருக்க மாட்டான்டா. சுத்தப் பொய்யி. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

கோவிந்தப்பன் ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்து, அடிபட்ட குவியலில் போட்டான்.

“இத சொல்லவா இத்தன தூரம் வந்தீங்க?”

“உனக்குத் தெரியணும்ல.”

“அவன் பொய் சொல்லுவான்னு எங்களுக்கு அன்னிக்கே பாதி தெரியுங்க. இருந்தாலும் ஆடுனோம். பொய் சொன்னது அவன். அது அவனோட போவட்டும். நீங்க வேடிக்க காட்டுனது உங்களுது. அத எதுக்கு எடுத்துக்கினு வந்து எங்கிட்ட எறக்கி வெக்கப் பாக்கறீங்க?”

“கோவிந்தா...”

“நீங்க பெரிய ஆட்டக்காரரு. தமிழ்நாட்டுக்கே ஆடுனவரு. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. உங்க ஒசரத்துல பாதி இருந்திருந்தாப் போதும், நான் எங்கயோ போயிருப்பேன். அந்த ஒசரம் உங்ககிட்ட வந்து மாட்டிக்கிச்சேன்னு நெனச்சாத்தான் பாவமா இக்குது. ஓசூர் பஸ்ஸு நாலு மணிக்கி. உட்டா அப்புறம் இல்ல.”

அவ்வளவுதான் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. குனிந்து மறுபடி காய் பிரிக்க உட்கார்ந்துவிட்டான். தோப்பு முழுக்கக் கிடந்த காயில் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. ஆஞ்சப்பன் கிளைகளில் தலை இடிக்காமல் குனிந்து குனிந்து ரோட்டுக்கு வந்தான்.

வீட்டுக்கு வந்து மாரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். எதையும் மறைக்கவில்லை.

“வேற என்ன சொல்லுவான்னு போன?” என்று கேட்டுவிட்டு அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஆடினான். 1988இல் வலது முழங்கால் வீங்கி மடங்காமல் போயிற்று. அதோடு சரி. பாஸ்கரன் அதற்குள் மெட்ராஸுக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புது மேனேஜருக்கு விளையாட்டில் அக்கறை இல்லை. இரண்டு வருஷத்தில் டீமைக் கலைத்துவிட்டு, சிமென்ட் மைதானத்தில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தச் சொன்னார். ஆஞ்சப்பனை ஸ்டோர்ஸில் போட்டார்கள். மேல் தட்டில் இருக்கிற பேரிங் பெட்டிகளை ஏணியில்லாமல் எடுத்துக் கொடுப்பான். அதற்காகவே அவனைக் கூப்பிடுவார்கள்.

மாரம்மா மட்டும் விடவில்லை. ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ எங்கே மேட்ச் என்று கேள்விப்பட்டாலும் போய்விடுவாள். சில நாள் வேப்பனப்பள்ளியிலிருந்து சாந்தம்மாவும் வந்து சேர்ந்துகொள்வாள். திரும்பி வந்து என்ன ஆட்டம், யார் ஜெயித்தார்கள் என்று சொல்ல மாட்டாள். அவனும் கேட்க மாட்டான்.

ஸ்டோர்ஸுக்கு வருகிற புதுப் பையன்கள் சில நேரம், “நீங்க கூடைப்பந்து ஆடுனவராமே?” என்று கேட்பார்கள்.

“கம்பெனிக்காரன் ஆட வெச்சான்” என்பான் ஆஞ்சப்பன். “எங்க டீமுல ஆடத் தெரிஞ்சவன் ஒருத்தன்தான் இருந்தான். அவன் இப்ப இங்க இல்ல.”

பெயர் என்ன என்று அவர்கள் கேட்டால் சொல்வான். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.